துக்கம் விசாரிக்காத அரசு

கல்யாண வீட்டுக்குப் போகத் தவறினாலும் சாவு வீட்டுக்குப் போகத் தவறக் கூடாது என்பது தமிழ் ஊர்களின் எழுதப்படாத சட்டம். பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகூட அன்று வாசலில் வந்து நிற்பார். என்ன செய்தது, எங்கே காட்டினீர்கள், கடைசியில் என்ன பேசினார் என்று கேட்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்வார்கள். சொல்லச் சொல்லத்தான் மனம் ஆறும். இதைத் துக்கம் விசாரிப்பது என்கிறார்கள். ஆறுதல் சொல்வதையும் நடந்ததைக் கேட்டறிவதையும் இந்த ஒரே சொல் குறிக்கிறது.

கொரோனா பெருந்தொற்றில் உறவுகளைப் பறிகொடுத்த பல லட்சம் குடும்பங்களுக்கு இந்த இரண்டுமே மறுக்கப்பட்டன. நோய் பரவும் என்ற அச்சத்தில் உறவினர்கள் வரவில்லை. நெகிழிப் பையில் சுற்றிய உடலைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு பலருக்கு எல்லாம் முடிந்தது. அதற்கு நோய்தான் காரணம் என்று சொல்லலாம். நோய் தணிந்த பிறகும் ஒன்றிய அரசு அந்த வீடுகளின் வாசலுக்கு வரவில்லை என்பதற்கு எந்தக் கிருமியும் காரணமாகாது.

2020 மார்ச் 22 அன்று நாட்டு மக்கள் தட்டுகளைத் தட்டுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். ஏப்ரல் 5 அன்று ஒன்பது நிமிடங்கள் விளக்கேற்றுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். 2021 அக்டோபர் 21 அன்று நூறு கோடித் தடுப்பூசி போடப்பட்டதைக் கொண்டாட, புராதனச் சின்னங்கள் மூவண்ண ஒளியில் மின்னின. தடுப்பூசிச் சான்றிதழ்களில் பிரதமரின் படம் இருந்தது. பிரிட்டன் அரசி எலிசபெத் மறைந்தபோது 2022 செப்டம்பர் 11 அன்று இந்தியா முழுவதும் அரசு துக்கம் அனுசரிக்கப்பட்டது. பெருந்தொற்றில் மாண்ட சொந்தக் குடிமக்களுக்காக ஒரு நாள்கூட தேசியக் கொடி தாழப் பறக்கவில்லை.

தரவு இல்லை என்ற பதில்

துக்கம் விசாரிக்க மறுத்த அரசாங்கம், நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தபோதெல்லாம் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னது.

நான்கு மணி நேர அவகாசத்தில் அறிவிக்கப்பட்ட ஊரடங்கு, லட்சக்கணக்கான புலம்பெயர் தொழிலாளர்களை நெடுஞ்சாலைகளில் நடக்க வைத்தது. 2020 மே 8 அதிகாலையில், மகாராஷ்டிர மாநிலம் அவுரங்காபாத் அருகே நடந்து களைத்து ரயில் பாதையில் உறங்கிப்போன 16 தொழிலாளர்கள் மீது சரக்கு ரயில் ஏறியது. அவர்கள் மத்தியப் பிரதேசத்தில் உள்ள தங்கள் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த சப்பாத்திகளை நாடே பார்த்தது. அதே ஆண்டு செப்டம்பர் 14 அன்று, ஊரடங்கில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று மக்களவையில் கேட்கப்பட்டது. அப்படி ஒரு தரவு பராமரிக்கப்படவில்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். தரவு இல்லாததால் இழப்பீடு குறித்த கேள்வியே எழவில்லை என்றும் சொல்லப்பட்டது.

அதே கூட்டத்தொடரில், நோயாளிகளைக் காக்கப் போய் உயிர்விட்ட மருத்துவப் பணியாளர்கள் குறித்தும் ஒன்றிய அளவில் தரவு இல்லை என்றே பதில் வந்தது. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளதாம். தட்டு தட்டிப் பாராட்டப்பட்டவர்களின் சாவுக்குக் கணக்கு இல்லை. இந்திய மருத்துவச் சங்கம் உயிரிழந்த 382 மருத்துவர்களின் பட்டியலைத் தானே வெளியிட வேண்டியிருந்தது. துப்புரவுத் தொழிலாளர்களுக்கும் ஆஷா ஊழியர்களுக்கும் சுடுகாட்டுப் பணியாளர்களுக்கும் அப்படிப் பட்டியல் தயாரிக்க வலுவான சங்கம் எல்லா இடங்களிலும் இருக்கவில்லை.

இரண்டாம் அலையில் மக்கள் மூச்சுக்காற்றுக்காகத் தவித்தனர். 2021 மே 1 அன்று தில்லியின் பத்ரா மருத்துவமனையில் ஆக்சிஜன் தீர்ந்ததால் 12 நோயாளிகள் இறந்தனர். அவர்களில் ஒருவர் அந்த மருத்துவமனையின் மருத்துவர். மறுநாள் இரவு கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையில் 24 பேர் மாண்டனர். ஜூலை 20 அன்று ஒன்றிய அரசு மாநிலங்களவையில், ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக எந்த மாநிலமும் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்றது. வெற்று உருளையை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு நகரம் முழுவதும் அலைந்த பிள்ளைகள் அந்தப் பதிலைத் தொலைக்காட்சியில் கேட்டார்கள். சுகாதாரத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே 2022 செப்டம்பரில் இந்த மறுப்பைக் கண்டித்தது. ஆக்சிஜன் இன்றி நேர்ந்த சாவுகளைத் தணிக்கை செய்யுமாறு பரிந்துரைத்தது.

மறைக்கப்பட்ட சிதைகள்

எண்ண மறுத்தவர்கள் பார்க்கவும் விடவில்லை. 2021 ஏப்ரலில் லக்னோவின் பைகுந்த் தாம் சுடுகாட்டில் இடைவிடாது எரியும் சிதைகளின் காட்சிகள் பரவின; உடனே சுடுகாட்டைச் சுற்றித் தகரத் தடுப்புகள் எழுந்தன. விறகும் மருத்துவரும் வந்து சேராத இடத்துக்குத் தகரம் வேகமாக வந்து சேர்ந்தது. குஜராத்தின் சூரத்தில் ஓய்வின்றி எரிந்த தகன உலைகளின் இரும்புச் சட்டங்கள் உருகின.

மே மாதத்தில் கங்கை பேசியது. பீகாரின் பக்சர் மாவட்டம் சௌசா படித்துறையில் 71 உடல்கள் மீட்கப்பட்டன. உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூரிலும் உடல்கள் ஒதுங்கின. எரிக்க விறகு வாங்கப் பணமில்லாதவர்கள் உன்னாவிலும் பிரயாக்ராஜிலும் ஆற்று மணலில் உடல்களைப் புதைத்தார்கள். பிரயாக்ராஜில் அந்தப் புதைமேடுகளின் மீது போர்த்தப்பட்டிருந்த காவித் துணிகள் அகற்றப்பட்ட காட்சிகளும் வெளியாயின. இந்து மரபின் காவலர்கள் என்று சொல்லிக்கொள்வோரின் ஆட்சியில், ஏழை இந்துவின் சவத்துக்குப் போர்த்திய கடைசித் துணியும் தங்கவில்லை.

அந்தக் காட்சியைக் குஜராத்திக் கவிஞர் பாருல் கக்கர் ஒரு சிறு கவிதையாக எழுதினார். ‘சவ்வாஹினி கங்கா’ என்ற அக்கவிதை சில நாட்களிலேயே பல இந்திய மொழிகளுக்குச் சென்றது. அதுவரை அரசியல் கவிதை எழுதுபவராக அறியப்படாத அவர் மீது வசைமாரி பொழிந்தது. கவிதையைப் பரப்பியவர்களை ‘இலக்கிய நக்சல்கள்’ என்றது குஜராத் சாகித்ய அகாடமி இதழின் தலையங்கம். ஒப்பாரியைக் கேட்டு அஞ்சுகிற அரசு, அந்த ஒப்பாரியில் தன் பெயரும் இருப்பதை அறிந்திருக்கிறது.

எண்கள் சொல்லும் கதை

2021 முடிவில் இந்தியாவின் அதிகாரப்பூர்வக் கொரோனா சாவு எண்ணிக்கை ஏறத்தாழ 4.8 லட்சம். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் வழக்கத்துக்கு மேல் நேர்ந்த சாவுகள் 47 லட்சம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. கணக்கிடும் முறையே தவறு என்று ஒன்றிய அரசு அதை நிராகரித்தது.

அரசின் சொந்தப் பதிவேடு என்ன சொல்கிறது? 2021ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவு அறிக்கை 2025 மே மாதம்தான் வெளியிடப்பட்டது. 2019இல் பதிவான இறப்புகள் 76.4 லட்சம், 2020இல் 81.2 லட்சம், 2021இல் 102 லட்சத்துக்கும் மேல். ஒரே ஆண்டில் 21 லட்சம் இறப்புகள் கூடியிருக்கின்றன. அந்த ஆண்டில் அரசு ஏற்றுக்கொண்ட கொரோனா சாவுகளோ மூன்றரை லட்சத்துக்கும் குறைவு. கூடுதல் இறப்புகள் அனைத்தும் கொரோனாவால் நேர்ந்தவை என்று சொல்லிவிட முடியாது. பதிவு செய்யும் வழக்கம் கூடியிருக்கலாம். வேறு நோய்க்குச் சிகிச்சை கிடைக்காமல் இறந்தவர்களும் இருக்கலாம். ஆனால், இந்த இடைவெளியை விளக்கும் பொறுப்பு அரசுக்குத்தான் உண்டு. பதிவான இறப்புகளில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றுக்கே மருத்துவர் சான்றளித்த காரணம் இருக்கிறது. மற்றவர்கள் எதனால் செத்தார்கள் என்பதை நாடு கேட்டதே இல்லை. வாழும்போது மருத்துவரைக் காணாத ஏழை, சாகும்போதும் காண்பதில்லை.

கேட்டபோது மாறிய கணக்கு

இந்த எண்கள் கல்லில் பொறித்தவை அல்ல என்பதை அன்றைய போராட்டங்களே மெய்ப்பித்தன.

உத்தரப் பிரதேசத்தில் இரண்டாம் அலையின் உச்சத்தில், 2021 ஏப்ரலில், ஊராட்சித் தேர்தல் நடத்தப்பட்டது. தேர்தல் பணிக்கு அனுப்பப்பட்ட ஆசிரியர்களும் ஊழியர்களும் கொத்துக்கொத்தாக மாண்டனர். தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கம் மாவட்டவாரியாகப் பெயர்களைத் திரட்டி, 1,621 பேர் இறந்ததாகப் பட்டியல் கொடுத்தது. இறந்தவர்கள் மூன்று பேர்தான் என்றது மாநில அரசு. சங்கம் விடவில்லை. தேர்தல் பணியின்போதே இறந்திருக்க வேண்டும் என்ற விதி மாற்றப்பட்டது. பணி முடிந்த 30 நாட்களுக்குள் இறந்தவர்களும் சேர்க்கப்பட்டனர். முடிவில் 2,020 ஊழியர்களின் குடும்பங்களுக்குத் தலா 30 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. மூன்று என்பது 2,020 ஆனது. இடையில் நின்றது ஒரு பெயர்ப் பட்டியல்.

பீகாரில் பாட்னா உயர் நீதிமன்றம் தலையிட்டதை அடுத்து, 2021 ஜூன் 9 அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 4,000 சாவுகள் கணக்கில் சேர்க்கப்பட்டு மொத்த எண்ணிக்கை 9,429 ஆனது. குஜராத்தின் அதிகாரப்பூர்வ எண்ணிக்கை சுமார் 10,000 என்றிருக்க, 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் தாக்கலான விவரப்படி அங்கு நிவாரணம் கேட்டு 89,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்திருந்தன. அவற்றில் 68,000க்கும் மேற்பட்டவை ஏற்கப்பட்டிருந்தன. ‘குஜராத் மாடல்’ மறைத்துவைத்த சாவுகளை அந்த மாநிலத்துக் குடும்பங்களே ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்தன.

தமிழ்நாடும் இதற்கு விலக்கல்ல. அதிமுக ஆட்சிக் காலத்தில், 2020 ஜூலையில் சென்னையில் விடுபட்டிருந்த 444 சாவுகளை மாநில அரசு பின்னர் சேர்க்க நேர்ந்தது. மறுபுறம், அதிகச் சாவுகளைப் பதிவுசெய்த மாநிலங்களில் கேரளம் இரண்டாம் இடத்தில் உள்ளது. வீட்டுக்கு வீடு பதிவேடு வைத்திருந்ததும், விடுபட்டவற்றைப் பின்னர் திறந்து சேர்த்ததும் அதற்கு முக்கியக் காரணங்கள். ஒப்புக்கொள்ளப்பட்ட சாவு ஓர் அரசுக்கு இழுக்கல்ல; ஒளிக்கப்பட்ட சாவுதான் இழுக்கு.

ஐம்பதாயிரம் ரூபாயும் ஒரு துண்டுச் சீட்டும்

2020 மார்ச் 14 அன்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் கொரோனாவைப் பேரிடராக அறிவித்து, இறப்புக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. அன்றே அந்த அறிவிப்பைத் திருத்தி, தொகையை நீக்கியது. அடுத்த ஆண்டு வழக்கு வந்தபோது நிதி இல்லை என்றது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி குறைந்தபட்ச நிவாரணம் வழங்குவது கட்டாயம் என்று 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகே 50,000 ரூபாய் என்று முடிவானது. அதுவும் மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து.

அந்தத் தொகையைப் பெறவும் ஒரு துண்டுச் சீட்டு தேவைப்பட்டது. தொற்று உறுதியான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் இறந்தால் கொரோனா சாவு. பரிசோதனையே செய்ய வாய்ப்பில்லாத சிற்றூரில், காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் மூச்சுத் திணறி இறந்தவருக்கு எந்தச் சீட்டும் இல்லை. சான்றிதழில் ‘மாரடைப்பு’ என்றோ ‘நிமோனியா’ என்றோ எழுதப்பட்டவரின் மனைவி, கைக்குழந்தையோடு எத்தனை அலுவலகப் படிகள் ஏறுவார்? 2022 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம், அதுவரையிலான இறப்புகளுக்கு விண்ணப்பிக்க 60 நாள் கெடு விதித்தது. செய்தித்தாள் வராத வீடுகளில் அந்தக் கெடு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

குழந்தைகளின் நிலை இதைவிடக் கொடிது. 2020 ஏப்ரல் முதல் 2022 ஜனவரி வரை பெற்றோரில் ஒருவரையோ இருவரையுமோ இழந்த குழந்தைகள் 1.47 லட்சம் என்று குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. பிரதமர் பெயரில் இயங்கும் நிதியிலிருந்து அறிவிக்கப்பட்ட திட்டமோ பெற்றோர் இருவரையும் அல்லது எஞ்சியிருந்த ஒருவரையும் இழந்தவர்களுக்கு மட்டுமானது. அதற்கு வந்த சுமார் 9,300 விண்ணப்பங்களில் பாதிக்கும் மேற்பட்டவை நிராகரிக்கப்பட்டன. தந்தையை மட்டும் இழந்து, பள்ளியை விட்டு வேலைக்குப் போன சிறுவனை இந்தத் திட்டம் பார்க்கவே இல்லை.

பழைய புண்ணைக் கிளறுவதா?

ஆண்டுகள் ஓடிவிட்ட பிறகு இதைப் பேசுவது எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உலகெங்கும் வந்த நோய்க்கு ஓர் அரசைக் குறை சொல்வது நியாயமா என்ற கேள்வியும் எழுகிறது. கிருமி இயற்கையில் பிறந்தது. 2021 ஜனவரியில் உலகப் பொருளாதார மன்றத்தில் கொரோனாவை வென்றுவிட்டதாக மார்தட்டியதும், ஏப்ரலில் கும்பமேளாவையும் பெரும் தேர்தல் கூட்டங்களையும் நடக்க விட்டதும், ஆக்சிஜனுக்கு நீதிமன்றம் தினமும் உத்தரவிட வேண்டிய நிலைக்கு நாட்டைக் கொண்டுசென்றதும் இயற்கையின் வேலை அல்ல. எது தவிர்க்க முடியாத சாவு, எது தவிர்த்திருக்கக்கூடிய சாவு என்று பிரித்தறிய விசாரணை வேண்டும். அந்த விசாரணை நடக்காததால்தான் புண் ஆறவில்லை.

பிற நாடுகளிலும் இது தானாக நடந்துவிடவில்லை. லண்டனில் நாடாளுமன்றத்துக்கு எதிரே தேம்ஸ் ஆற்றங்கரைச் சுவரில், உறவுகளை இழந்த குடும்பங்கள் 2021 மார்ச்சில் இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்பு இதயம் வரையத் தொடங்கின. ஆட்சியாளர்கள் தினமும் அதைப் பார்த்தபடிதான் அவைக்குள் செல்ல வேண்டியிருந்தது. அந்தக் குடும்பங்கள் இடைவிடாது கோரிய பொது விசாரணை ஆணையம் பின்னர் அமைந்தது. பிரேசிலில் செனட் சபையின் விசாரணைக் குழு, அன்று அதிபராக இருந்த பொல்சனாரோ மீதே குற்றவழக்குத் தொடரப் பரிந்துரைத்தது. இந்தியாவில் தேசிய அளவிலான சுவரும் இல்லை, விசாரணை ஆணையமும் இல்லை.

துயரம் தனித்தனி வீடுகளுக்குள் அடைபட்டிருக்கும்வரை அது விதியாகத் தோன்றும். என் தலையெழுத்து, என் பாவம், நான் சீக்கிரம் அழைத்துச் சென்றிருந்தால் பிழைத்திருப்பார் என்று பிள்ளைகள் தங்களையே நொந்துகொள்வார்கள். அரசின் குற்றத்தைக் குடும்பங்கள் தங்கள் மனச்சாட்சியில் சுமக்கின்றன. பத்து வீட்டார் ஓரிடத்தில் அமர்ந்து தங்கள் கதையைச் சொல்லும்போதுதான், பத்துப் பேருக்கும் படுக்கை கிடைக்கவில்லை என்பது தெரியவரும். அந்தக் கணத்தில் விதி விலகி, கொள்கை கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். குடும்பங்களின் மனப்பாரம் குறையத் தொடங்குவதும் அங்கேதான்.

கிளைகளின் கடமை

பெருந்தொற்றுக் காலத்தில், உறவினரே தொட அஞ்சிய உடல்களை இஸ்லாமிய அமைப்புகளின் இளைஞர்களும் இடதுசாரி வாலிபர்களும் சாதி, மதம் பாராமல் சுமந்தார்கள். நோயைப் பரப்பியவர்கள் என்று எந்தச் சமூகத்தை ஊடகங்கள் இழிவுபடுத்தினவோ, அந்தச் சமூகத்தின் தோள்கள்தாம் பாடை தூக்கின. அந்தப் பணி பாதியில் நிற்கிறது. உடல்களை அடக்கம் செய்தாயிற்று. பெயர்களைப் பதிவுசெய்வது எஞ்சியிருக்கிறது.

ஒவ்வொரு கிளையும் தன் ஊரில், தன் வார்டில் அக்காலத்தில் நேர்ந்த சாவுகளைப் பட்டியலிட முடியும். பெயர், வயது, செய்த வேலை, இறந்த நாள், எங்கே சிகிச்சை கிடைத்தது அல்லது மறுக்கப்பட்டது, சான்றிதழில் என்ன காரணம் எழுதப்பட்டது, நிவாரணம் வந்ததா, பிள்ளைகள் படிக்கிறார்களா என்ற விவரங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். உத்தரப் பிரதேச ஆசிரியர் சங்கத்திடம் இருந்ததும் இவ்வளவுதான். அமைப்புசாராத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர், துப்புரவுத் தொழிலாளர் சங்கங்கள் தங்கள் உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாலே, சந்தா நின்றுபோன பல பெயர்களுக்கான காரணம் தெரியவரும்.

இந்தப் பணிக்குச் செல்லும் தோழர்கள் ஒன்றை மனதில் கொள்வது நல்லது. சாவு வீட்டில் முதலில் பேச வேண்டியவர்கள் அந்த வீட்டார். துண்டறிக்கையை நீட்டுவதற்கு முன் அவர்கள் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை அமர்ந்து கேட்க வேண்டும். அஞ்சலிக் கூட்டம் நடத்தினாலும் தலைவர்களின் உரைக்கு முன்பாக, இறந்தவரின் மகளோ மனைவியோ அவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல மேடை தரப்பட வேண்டும். அவர் கட்சிக்காரராக இருந்தாரா, எந்தச் சின்னத்துக்கு வாக்களித்தார் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. இறந்தவர் எண்ணிக்கையில் ஒரு புள்ளியாகவும் கூடாது. முழக்கத்தில் ஒரு சொல்லாகவும் கூடாது. அவர் நன்றாக மீன்குழம்பு வைப்பார், பேரனைத் தோளில் சுமந்து திருவிழாவுக்குப் போவார் என்பவையும் அந்த நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தகுந்தவையே.

அந்தப் பட்டியல்களின் மீது நின்றுதான் கோரிக்கைகள் எழ வேண்டும். கெடு முடிந்துவிட்டது என்று அடைக்கப்பட்ட நிவாரணக் கதவு மீண்டும் திறக்கப்பட வேண்டும். பரிசோதனைச் சீட்டு இல்லாத சாவுகளை ஊர்மக்களின் சாட்சியத்தைக் கொண்டு ஏற்க வேண்டும். அரசே முதலில் அறிவித்த 4 லட்சம் ரூபாய் வழங்கப்பட வேண்டும். பெற்றோரில் ஒருவரை இழந்த குழந்தைகளுக்கும் கல்வி முடியும்வரை உதவி வேண்டும். ஆக்சிஜன் சாவுகளைத் தணிக்கை செய்யச் சொன்ன நாடாளுமன்ற நிலைக்குழுவின் பரிந்துரை நிறைவேற்றப்பட வேண்டும். நாடு முழுவதற்குமான பொது விசாரணை வேண்டும். ஒவ்வொரு இறப்புக்கும் மருத்துவச் சான்று கிடைக்கும் அளவுக்கு ஆரம்பச் சுகாதார நிலையங்கள் வலுப்பட வேண்டும். அடுத்த பெருந்தொற்று வரும்போது இவைதான் உயிர் காக்கும்.

2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போனது. கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வரும்போது உயிரோடு இருப்பவர்களைத்தான் எண்ணுவார். காலியாக இருக்கும் பாயையும், அணிய ஆளில்லாமல் மடித்து வைத்த சட்டையையும் எண்ணும் படிவம் அவரிடம் இருக்காது. அந்தக் கணக்கை மக்கள்தான் எடுக்க வேண்டும். அரசு வராத அந்த வாசல்களுக்கு, நோட்டுப் புத்தகத்தோடு முதலில் செல்ல வேண்டியவர்கள் செங்கொடியின் தோழர்கள்.